எதுல திறக்கணும்

– கதவைச் சாத்து. முதல்ல அந்த ஒத்த வரியை அழி.

– எந்த வரி அண்ணா?

– நடிக்காத. ஃபைலெல்லாம் தானா திறக்க நீ எழுதி வச்ச ஸ்கிரிப்டை இப்பதான் தட்டிப் பார்த்தேன். இத்தனை நாளா கட்டட வரைபடமெல்லாம் படம் பார்க்கிற புரோகிராம்ல வரிசையா திறந்துச்சு. இன்னைக்கு ஏன் வரையிற புரோகிராம்ல திறக்குது?

– ஏன்னா அது வரைபடம். எதுல வரைஞ்சாங்களோ அதுல திறந்தாதான் முழுசா தெரியும்.

– அந்தச் சிவப்பு எழுத்தும் சேர்ந்து தெரியுதே!

– தெரியட்டும். "மாடிப்படித் தூண் தாங்காது"ன்னு நம்ம இன்ஜினியர் எழுதின குறிப்பு அது. சும்மா விட்டா கம்ப்யூட்டர் தானா அந்தப் படம் பார்க்கிற புரோகிராமைத்தான் எடுக்கும், அதுல குறிப்பே வராது. அதான் இந்த புரோகிராம்லதான் திறக்கணும்னு பேர் சொல்லி எழுதிட்டேன்.

– இங்க பாரு, பள்ளிக்கூடக் கமிட்டி வரப்போகுது. அவங்க சரின்னு சொல்லிட்டா வேலை ஆரம்பம். தூணை அப்புறம் பார்த்துக்கலாம், புரியுதா?

– அப்புறம்னா? காங்கிரீட் போட்டப்புறமா?

– அந்த இன்ஜினியர் ஒரு பயந்தாங்கொள்ளி. எதைப் பார்த்தாலும் தாங்காதும்பார்.

– சரி, நீயே கணக்குப் போட்டுப் பாரேன். காலேஜ்ல மெடல் வாங்கினவன் நீதானே?

– மெடலை ஏன் இழுக்கிற?

– உன்னைத்தான் கேட்கிறேன்.

– போட்டேன். அதுக்கென்ன இப்ப?

– என்ன வந்துச்சு?

– இங்க பாரு. தூணை மாத்தினா வரைபடம் மொத்தமும் மாறும். அதுக்குள்ள எவனாவது இந்த வேலையைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான், புரியுதா?

– மூடினா மூடு. மணி அடிச்சா மொத்தப் பிள்ளைங்களும் அந்தப் படியிலதான் தடதடன்னு இறங்கும். அது உனக்குப் புரியுதா?

– குரலை உசத்தாத. நான் உன் முதலாளி.

– அதனாலதான் உன்கிட்ட கேட்கிறேன். நீயே சொல்லிடு அண்ணா. "தப்பு இருக்கு, திருத்தித் தர்றோம், கொஞ்சம் டைம் குடுங்க." வாய் தேஞ்சா போயிடும்?

– முடியாது. நகரு, நானே அழிக்கிறேன். எது, இந்த வரியா?

– அதேதான். புரோகிராம் பேர் இருக்கு பாரு.

– அழிச்சாச்சு. இனி உன் பிடிவாதம் இங்க செல்லாது. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வராத.

– வரல. அம்மா கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ.

– சொல்லிக்கிறேன். இன்னும் ஏன் நிக்கிற?

– உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். கமிட்டி சீக்கிரமே வந்தாச்சு. ஹால்ல பெரிய திரையில எல்லாத்தையும் திறந்து வச்சிட்டுத்தான் இந்த ரூமுக்குள்ளயே நுழைஞ்சேன். அந்தச் சிவப்பு என்னன்னு கேட்கிறாங்க, எழுந்து வா.