மடிப்பு மேசையில் ஒரு இடம்

குண்டடத்தில் கிணறு வெட்டும் வேலை ஒத்துவராமல், யாரிடமும் சொல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தேன். எமர்ஜென்சி நடந்த வருடம் அது. பல்லடத்தில் கால் வலிக்கவே திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பெண்ணும், அவள் கணவனோடு பனியன் கம்பெனியில் வேலை செய்பவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஜெயில்ல இருந்துட்டே உங்க ஊட்டுக்காரரு பத்து நாளா எங்ககூட பனியன் மடிச்சாருங்க அம்மிணி" என்றார் அவர்.

"வெளையாடாதீங்ண்ணா."

"நெசந்தானுங்க. எப்பவுமே அவரு ரஷ்யாக் கதை படிச்சுக் காட்டுவாரு, அவரு பங்கையும் நாங்க நாலு பேரு மடிச்சுருவோம். போலீஸ் கூட்டிட்டுப் போனப்பறமும் அப்படியே மடிச்சு அவரு பேருல வெச்சோம். மொதலாளிக்கு வித்தியாசமே தெரியல."

"அந்தப் புஸ்தகத்தை நான் பயந்துட்டு அடுப்புல வெச்சுட்டனுங்க."

"அது கடையில விக்கிறதுதானுங்க. அவரைப் புடிச்சது யூனியன்ல பேசினதுக்கு."

"வந்தா வேலை இருக்கும்னு இப்பத்தான் ஜெயில்ல அவருகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்றாள்.

"நேத்து மேஸ்திரி கண்டுபிடிச்சுட்டாருங்க. நாளைக்குக் காத்தால வேற ஆளு எடுக்கறாங்க."

"அவருகிட்ட சொல்லிராதீங்ண்ணா."

"சொல்ல மாட்டனுங்க. வர்ற ஆளுகிட்ட நாங்க ஒருத்தரும் பேச மாட்டோம்."

திருப்பூரில் அவர் பின்னாலேயே நடந்து கம்பெனியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்த மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன்.