பெரிய டாக்டரின் கறுப்புக் காரில் கோடு போக்கிய தலைமைச் செவிலியருக்கு

கத்தி பிடித்த கைகளையும் கட்டிக்காத்த காவலரே! அறுவை அரங்கின் அசையாத அச்சாணியே! அறுவை முடிவில் எண்ணும் பஞ்சுக் கணக்கில் ஒன்று குறைந்தாலும் பெரிய டாக்டரையே தையல் போடவிடாமல் தடுத்து நிறுத்திய பெருமாட்டியே! வணக்கம்!

தங்கள் பணிச்சிறப்பை அடுக்கத் தொடங்கினால் இப்பணிநிறைவு விழா விடிய விடிய நீளும். ஆதலால் ஊரறிந்ததை விடுத்து, ஓய்வுக்கு முந்தைய ஓராண்டில் தாங்கள் அரும்பாடுபட்டுக் கற்ற கார் மெருகேற்றும் கலையையே இங்குப் பாராட்டத் துணிந்தோம். "ரிட்டயர் ஆனதும் நானும் தங்கச்சியும் கார் கழுவி பாலிஷ் போடுற கடை திறக்கப் போறோம்" என்று தாங்கள் அறிவித்த அன்று நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். பொறுத்தருளுக!

முதல் பாடத்துக்கே பெரிய டாக்டரின் புத்தம்புதுக் கறுப்புக் காரைக் கேட்டு வாங்கிய தங்கள் துணிச்சலை என்னென்பது! பச்சைப் புண்ணையே நோகடிக்காத காஸ் கட்டுத்துணி பெயிண்டை என்ன செய்துவிடும் என்று நம்பி, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தள்ளினீர்கள். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்திவலையாய்க் கோடுகள்! டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "பரவாயில்ல சிஸ்டர், கடையில குடுத்துச் சரி பண்ணிக்கிறேன்" என்றார். தாங்களோ மசியவில்லை.

"கோடு போட்டது நான், எடுக்கிறதும் நான்தான். முடியலைன்னா கடை ஆசையையே விட்டுடறேன் டாக்டர்."

அன்று பிடித்த பிடிவாதம்! விடுமுறை நாள்களில் மெருகேற்றும் கடையொன்றின் வாசலில் நின்று கற்றீர்கள். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, தேய்க்கும் கையுறையை அலசத் தனி வாளி. நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் மட்டுமே துடைத்தல். கீழே விழுந்த துணியை மறுபடி தொடக்கூடாது என்பதை மட்டும் தங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாலிஷ் இயந்திரத்தைத் தங்கையின் பழைய காரில் பழகியபோது, அளவு மிஞ்சிப் பின்கதவில் அடிப்பூச்சு பல்லிளித்தது. தங்கை சில நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் தாங்கள் அசரவில்லை.

சென்ற வாரம் அந்தப் பானெட்டின்மீது மீண்டும் கை வைத்தீர்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சூழ்ந்து நின்றோம். சிலந்திவலை மறைந்தது; எங்கள் முகங்கள் அதில் தெரிந்தன. ஆனால் ஓரத்தில் ஒரேயொரு கோடு போக மறுத்தது. "இன்னும் கொஞ்சம் தேய்ங்க சிஸ்டர், போயிடும்!" என்று நாங்கள் கூவக் கூவ, தாங்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டீர்கள்.

"இது ஆழம். இனிமே தேய்ச்சா பெயிண்டே போயிடும். என்னால முழுசா முடியல டாக்டர்." சொன்ன சொல்லுக்காகக் கடையைக் கைவிட்டுவிடுவீர்களோ என்று நாங்கள் டாக்டரைப் பார்த்தோம்.

டாக்டர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். "இத்தனை பேர் கத்தியும் நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தினீங்களே, அந்தக் கை போதும். கடையைத் திறங்க சிஸ்டர். என் வீட்டுக்காரம்மா வண்டியும் அங்கதான் வரும்" என்றார். எங்களை அதட்டியே பழகிய தாங்கள் அன்று தேம்பித் தேம்பி அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

குனிந்த இடுப்பு நோகாமலும், பிடித்த கை தளராமலும், உடன்பிறந்தாளோடு ஒற்றுமை குலையாமலும் நூறாண்டு நலமுடன் வாழ்க! கடை வாழ்க!

இங்ஙனம்,
முதல் நாளே அழுக்கு வண்டிகளோடு வாசலில் வரிசையில் நிற்கப்போகும்
அறுவை அரங்க ஊழியர்கள்