ஆறிடுச்சு

மஞ்சள் தூள் மீன் குழம்புக்கு நல்லது, மேடம். ரேடியேட்டருக்கு நல்லதில்லை. காயாரோகணத்துக்கும் எனக்கும் இருந்த தகராறு இவ்வளவுதான். மற்றபடி வாய்க்கால் சண்டையோ வரப்புச் சண்டையோ கிடையாது. அவர் நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வருகிறவர். நான் திருக்காட்டுப்பள்ளியில் பட்டறை வைத்திருக்கிற மருதையன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி.

வண்டிக்கு வயதாகிவிட்டது. ஐஸ் பெட்டிகளோடு பாலம் ஏறினால் போதும், கொதித்துவிடும். நான் முறையாகத்தான் பார்த்தேன். ஃபேன் பெல்ட் விறைப்பாக இருந்தது. வாட்டர் பம்ப்பில் கசிவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தது. அப்படியென்றால் நடுவில் அடைப்பு என்று அர்த்தம். கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தேன். மாரியம்மனுக்கு அபிஷேகம் முடிந்த மாதிரி மஞ்சள் மஞ்சளாகச் சேறு கொட்டியது.

"சின்னதா ஒழுகிச்சு மருது. ஒரு பொட்டலம் மஞ்சத்தூளைப் போட்டேன், நின்னுடுச்சு" என்றார் காயாரோகணம்.

"ஓட்டையும் அடைச்சுது, குழாயும் அடைச்சுது. இனிமே போடாதீங்கண்ணே."

"மஞ்ச வச்சா புண்ணே ஆறிப்போவுது. தகரம் என்ன பெருசு?"

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? ஒழுகிய இடத்தில் பற்றவைத்து, குழாய்களைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, நல்ல கூலண்ட் ஊற்றிக் கொடுத்தேன். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் போயிற்று. அவர் சும்மா இருந்திருக்கலாம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு பொட்டலம் மஞ்சளைத் தட்டிவிட்டார். வண்டி நட்டநடு ரோட்டில் கொதித்து நின்றது. அன்றைய மீன் முழுவதும் பாழ்.

மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு அவர் சொன்னது இது: "மருதையன்கிட்ட வண்டிய விட்டா இட்லிப் பானையாத்தான் திரும்பி வரும்."

அன்றிலிருந்து எனக்கு இட்லி மெக்கானிக் என்று பெயர். ஊருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பிறகு அது வேறு எதையும் சொல்லாது. போனை எடுத்தால் "இட்லி அண்ணனா?" என்பார்கள். பட்டறையைத் தாண்டும்போது சட்னி கேட்பார்கள். என் மகள் செம்மொழியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வழி சொன்னவன்கூட இட்லி வீடு என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறான். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தின்றுகொண்டே, "ஓட்டல் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மாப்பிள்ளையைத் தனக்கே பிடிக்கவில்லை என்று செம்மொழி நிம்மதியாகச் சொன்னாள். ஆனால் அவமானம் என்னுடையதல்லவா?

அந்தக் கோபத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பனில்லை.

போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் அந்த வண்டி மறுபடி ஆவி கக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது. காயாரோகணம் இறங்கினார். கையில் எனக்காக ஒரு பையில் வஞ்சிர மீன். இதையும் சொல்லிவிட வேண்டும், அவர் கெட்டவரில்லை.

"ஏதோ வாய்த்துடுக்குல சொல்லிட்டேன் மருது. மனசுல வச்சுக்காத. பொண்ணுக்கு நானே நல்ல இடமாப் பாக்குறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

பிறகு அவர் துண்டை மடித்து ரேடியேட்டர் மூடி மேல் வைத்துக்கொண்டு, குனிந்தபடி கேட்டார்: "ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுண்ணே. தெறங்க" என்றேன்.

அவர் என் கோபத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன், மேடம். அப்போதுதானே மனசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மனசு ஆறிவிட்டது என்று நான் சொன்னதை வண்டி ஆறிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டால் தமிழைத்தான் கைது செய்ய வேண்டும்.

மூடி திறந்ததும் கொதிதண்ணீர் அவர் முகத்துக்கே போயிற்று. அவர் கீழே விழுந்து உருண்டார். நான் பதறவில்லை. பதறினால் காரியம் கெடும். வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். வெயிலில் மீன் கெட்டுவிடக் கூடாதே என்று பெட்டிகளை நிழலுக்கு இழுத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது உண்மைதான். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, எஞ்சினின் ஹெட் விரிசல் விட்டுவிடும். தொழில் பழக்கம், மனிதருக்கும் அதே கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கடையில் தையல் வேலை செய்யும் அனீஸா ஓடிவந்துதான் அதைத் தூக்கி அவர் மேல் ஊற்றினாள். ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இடது கண் போய்விட்டது என்கிறீர்கள். வலது கண் தேறுமா என்று தஞ்சாவூர் டாக்டர்களுக்கே தெரியவில்லை என்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "சரி, கிளம்புங்க மருதையன். உங்க மேல புகார் இல்ல" என்றபோது நான் எழுந்துவிட்டேன். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை நீங்கள் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம். வண்டி ஆறிடுச்சா இல்லையான்னு பாக்கத் தெரியல. அவனுக்கு வேலை அவ்வளவுதான் தெரியும், விட்டுடுங்க."

ரெண்டு கண்ணும் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற நிலையிலும் அவர் வாய் அடங்கவில்லை பாருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன அனீஸா இதைக் கேட்டிருப்பாள். இந்நேரம் மீன் மார்க்கெட்டுக்கே போயிருக்கும். இனி என் பட்டறைக்கு ஒரு சைக்கிள்கூட வராது.

ஃபைலைத் திறங்கள், மேடம். நான் உட்கார்ந்தே சொல்கிறேன், நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேலை தெரியும். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தபோதே நான் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்துவிட்டேன். கல்லு மாதிரி இருந்தது. உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், மூடியைத் திருகினால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று இந்தத் தாலுகாவில் என்னைவிடத் துல்லியமாகச் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு ஆறிடுச்சு என்றேன்.