நான்காம் எண்ணும் என் தங்கையும்

அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த எந்திரக்காரர் அவர்களே! மை ஏறிய கைகளால் என் கையைப் பற்றி மேடையேற்றிய பெரியவர்களே! தாள்களை மடித்து, அடுக்கி, தைத்து, உலகுக்குப் புத்தகம் தரும் தாய்மார்களே! என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! உங்கள் கூடத்தில் கம்பி இழுத்துக் கணினிகளை இணைத்த இந்த எளியவனின் பணிவான வணக்கம்!

சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்டர்நெட் எப்படி ஓடுதுன்னு பத்து நிமிஷம் பேசுங்க. வேற எதுவும் பேசிடாதீங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? வீட்டில் எனக்குப் பெயரே 'சந்தேகம்'தான். பால் பொங்கினால் பாத்திரத்தைச் சந்தேகிப்பவன் நான். சிரிக்காதீர்கள், இந்த ஒலிபெருக்கியைக்கூட இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தேன்.

இணையம் என்றால் என்ன? மாயமா? மந்திரமா? மேகத்தில் மிதக்கும் மர்மமா? இல்லை, பெருமக்களே, இல்லை! கணினியோடு கணினியை இணைத்தால் அது வலை. வலையோடு வலையை இணைத்து, உலகம் முழுக்கக் கம்பியாலும் அலையாலும் கோத்துவிட்டால் அது இணையம். அவ்வளவுதான்.

ஒரு படத்தை அனுப்புகிறீர்கள். அது முழுதாகவா போகிறது? நீங்கள் புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாக அச்சடிப்பதுபோல, அதுவும் துண்டு துண்டாகத்தான் போகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்பும் கணினியின் எண், பெறும் கணினியின் எண், தன் வரிசை எண். சந்திக்குச் சந்தி ரவுட்டர் என்ற பெட்டி நின்று, போகவேண்டிய இடத்தைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளுகிறது. ஒரு துண்டு கடலடியில் போகும், ஒரு துண்டு மலையைச் சுற்றி வரும். கடைசியில் பெறும் கணினி அவற்றை வரிசைப்படுத்துகிறது. ஏழாவது துண்டு காணவில்லையென்றால், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குகிறது. பைண்டிங் மேசையில் ஒரு பாரம் குறைந்தால் நம் தாய்மார்கள் போடுகிற கூச்சலைப் போலத்தான்!

அதோ ஓர் அம்மா கேட்கிறார்: "வழியில யாராவது பிரிச்சுப் படிச்சுட்டா?" அடடா, என் இனமே! படிக்கலாம் தாயே. பூட்டாமல் அனுப்பினால் படிக்கலாம். அதனால்தான் நல்ல தளங்கள் பூட்டி அனுப்புகின்றன. பூட்டைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான்.

சரி, அந்த எண்ணைக் கொடுப்பது யார்? உங்கள் அலுவலக அறையில், சுவரில் தொங்கும் ரவுட்டர். காலையில் முதலில் போடுகிற கணினிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது உங்கள் வழக்கம். அணைத்ததும் அந்தப் பழைய பெட்டி கொடுத்த எண்களை மறந்துவிடும், மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் நீங்கள் ஒழுங்கானவர்கள் ஆயிற்றே! இரண்டு ஆண்டுகளாக அதே ஆட்கள் அதே வரிசையில் வந்தார்கள், எண்கள் மாறவேயில்லை. நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் எண்ணை எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். நான்கு என்பது பிழை திருத்தும் என் தங்கையின் கணினி. ஐந்து, மேலாளருடையது.

பிறகுதான் அந்த நாள் வந்தது. அச்சுக்குக் காத்திருந்த தேர்வு வினாத்தாள், காலை பதினொரு மணிக்கு இந்தக் கூடத்தைவிட்டு வெளியே போயிருந்தது. எந்த எண் எதை அனுப்பியது என்று தனியாகக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தோம். அனுப்பியது எண் நான்கு. ஸ்டிக்கரைப் பார்த்தோம். என் தங்கை!

"நான் அனுப்பலைண்ணே. அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு அன்னைக்கு லேட்டாத்தான் வந்தேன்" என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனுஷன் பொய் சொல்வான், கம்பி பொய் சொல்லாது" என்றேன். கூடப்பிறந்தவளிடம் சொன்னேன்! அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் அவள் வாசல்படி தாண்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் மேலாளரின் கணினியைச் சரிபார்க்க வந்தேன். ஸ்டிக்கர் ஐந்து என்றது. திரை நான்கு என்றது. நான்காவதாக வருகிறவள் வரவில்லை, ஐந்தாவது ஆள் நான்காகிவிட்டார்! அவள் தாமதமாக வந்த அந்த நாளிலும் அப்படித்தானே ஆகியிருக்கும்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன், அப்படியேதான் இருந்தது. அவர் கணினியைத் துருவினேன். பரிசு விழுந்ததாக வந்த ஒரு மின்னஞ்சலை மேலாளர் திறந்திருக்கிறார். அதன்வழி நுழைந்த திருட்டு நிரல் வினாத்தாளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

ஐயா, எழுந்திருக்காதீர்கள். உங்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஏமாந்தீர்கள். நான் எல்லாரையும் சந்தேகித்தேன், என் கையால் ஒட்டியதை மட்டும் சந்தேகிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எனக்காகவே சொன்னது போலிருக்கிறது.

உண்மையை இவரிடம் தனியாகச் சொன்னேன். தங்கையைத் திரும்ப அழைத்தார். அழைத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? "எச்சரித்து மன்னிக்கப்படுகிறார்." எதற்கு மன்னிப்பு? தாயைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனதற்கா? தாமதமாய் வந்ததற்கா? தம் பிழையை மறைக்கத் தோதாய் ஒருத்தி கிடைத்ததற்கா? இந்தக் கூடத்தின் வேலை கைவிட்டுப் போகுமே என்று நானும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இன்று சொல்கிறேன்: அந்த மன்னிப்பு கிழிக்கப்பட வேண்டும்! குற்றமே செய்யாதவளுக்குக் கொடுத்த மன்னிப்பு திரும்பப் பெறப்பட வேண்டும்! மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இருவர், இருவரும் இந்த மேடையில்தான் இருக்கிறோம்!

மூன்றாம் வரிசையில் இருக்கும் என் தங்கையே, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

என்ன, எழுந்துவிட்டாயா? சொல், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"வாயால கேட்டா போதாதுண்ணே. பழியை எழுத்துலதானே போட்டீங்க? ரெண்டு பேரும் எழுத்துலயே குடுங்க. பிழை இருந்தா நான் திருத்திக்கிறேன்."

கைதட்டுங்கள் பெருமக்களே, கைதட்டுங்கள்! தலைவர் அவர்களே, எனக்கு ஒரு வெள்ளைத் தாளும், மேலாளருக்கு ஒரு தாளும் தரச் சொல்லுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. எழுதப் போகிறேன், வணக்கம்!