துணி சுற்றிய கைமணி

மாலை ஆறே முக்கால். கொள்ளேகால் தாண்டி ஹனூர் போகிற சாலை... முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. போனையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். இது என் நண்பன் வேதாந்தின் மாமாவுக்கு நடந்தது.

மாமா பெயர் செலுவநாராயணன். மைசூரில் இருபது வருடமாக நாடகக் குழு நடத்தியவர். நடிப்பு சுத்தமாக வராது. அரங்கம் பிடிப்பது, போஸ்டர், டிக்கெட், கடைசியில் கைமணி அடிப்பது எல்லாம் அவர் தலையில். மூன்று தடவை அடிப்பார். மூன்றாவதுக்குத்தான் திரை விலகும்.

மதியம் மூன்றுக்குள் முப்பது டிக்கெட் போகாவிட்டால் ஷோ ரத்து. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுவார். நடிகை சுலோசனாவுக்கு மட்டும் அது போதாது. அவள் ஊர் கௌதள்ளி, வீட்டில் சிக்னல் கிடையாது. பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஒருநாள் போனது பதினோரு டிக்கெட்தான். கடுப்பில் குழுவில் வரியைப் போட்டவர் கடைக்குப் போன் போட மறந்துவிட்டார். நடக்காத நாடகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பியவள், இதே சாலையில் லாரி மோதிச் செத்துப்போனாள்.

அதோடு குழுவைக் கலைத்துவிட்டார். இப்போது அவளுடைய மேக்கப் பெட்டியை அவள் அம்மா கெம்பம்மாவிடம் கொடுக்கப் போகிறார். பெட்டி பின் சீட்டில். அதற்குள் அவளுடைய நொறுங்கிய போன். பக்கத்தில், காவிரியில் போட எடுத்து வந்து, மனம் வராமல் திரும்ப வைத்த கைமணி. சத்தம் கேட்கக் கூடாதென்று அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தார்.

காருக்குள் திடீரென்று தேங்காயெண்ணெய் வாசனை... மேக்கப் கலைக்கிற எண்ணெய். அவர் போன் அடித்தது. திரையில் சுலோசனா பெயர்.

எடுத்தார். பயமே வரவில்லையாம். சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியதாம்.

“ஷோ கேன்சல் ஆயிடுத்தும்மா. நான்தான் சொல்ல மறந்துட்டேன். கிளம்பாதே... வீட்டுலயே இரு.”

கர்ர்... என்று இரைச்சல். பிறகு இருமல்... செருமல்... நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம். நிறைய ஆட்கள். நடுவில் சுலோசனாவின் குரல்.

“ஷோ இருக்குதுங்க சார். ஹவுஸ்ஃபுல்லுங்க. ரெண்டு தடவ மணி அடிச்சாச்சு. மூணாவதுக்குத்தான் உங்களப் பாத்துட்டு இருக்கறமுங்க.”

இருபது வருடத்தில் அவருடைய அரங்கம் ஒருநாளும் நிறைந்ததில்லை. அதைக் கேட்டுத்தான் அழுதாராம்.

காரை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். போனையும் அணைத்தார்... ஒரு இலை அசையவில்லை.

பின் சீட்டில் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

நாக்கில் சுற்றியிருந்த துணி, நாலாக மடித்து, அவர் மடியில் இருந்தது.