ஊர்க் கால்வாய் வழியாகக் கிழக்கே

— லுவார் ஆறு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, ஜெனவியேவ். அடுத்த வருசம் பாப்பம் எண்டுதான் சொல்லுறன்.

— சிவமணி, "அடுத்த வருசம்"னா "இல்லை"ன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? ரிட்டயர் ஆகிறவரைக்கும் மெரியில, நகராட்சி ஆபீஸ் கவுண்ட்டர்ல உக்காந்து நானும் ஜனங்களுக்கு அதைத்தான் சொல்லிகிட்டிருந்தேன்.

— அப்ப உங்களட்டை இருந்துதான் பழகினன் எண்டு வையுங்கோ.

— பேச்சை மாத்தாதீங்க. லுவார்னா கரை பூரா அரண்மனை. பாதை தட்டையா இருக்கும். கடைசியில கடல். இதுல உங்களுக்கு என்ன குறை?

— காத்துத்தான் குறை. அது கடல் பக்கமிருந்து அடிக்கும். நாங்கள் முகத்தை அதுக்குக் குடுத்துக்கொண்டு கடைசி மட்டும் உழக்கவேணும். கிழக்கை போனமெண்டால் அதே காத்து முதுகிலை கை வைச்சுத் தள்ளிவிடும்.

— உழக்கவேணுமா! மிதிக்கணும்னு சொல்லுங்க. உழக்குன்னா எங்க புதுச்சேரியில அரிசி அளக்கிறது.

— உங்கட ஊரிலை அரிசி அளக்கட்டும், எங்கட யாழ்ப்பாணத்திலை சைக்கிள் ஓடட்டும். உந்த வடையை எடுங்கோ, ஆறிப்போகுது. மேசை முழுக்கப் பிரான்ஸை விரிச்சு வைச்சால் தேத்தண்ணியை நான் எங்கை வைக்கிறது?

— மேப்ல அந்த மேற்கு ஓரத்துல, பிரெத்தாஞ் மேல வையுங்க. அந்தப் பக்கம் நாம போகப் போறதில்ல. அலோர், உங்க பாதையச் சொல்லுங்க, மறுபடி முதல்லேருந்து.

— சொல்லுறன் கேளுங்கோ. இந்தக் கடையாலை வெளிக்கிட்டால் லா வில்லெத் கூப்பிடு தூரம். அங்கை ஊர்க் கால்வாய் துவங்குது.

— எந்த ஊர்க் கால்வாய்? உங்க ஊரா?

— அதின்ரை பேரே ஊர்க். கனால் து லூர்க். பிரெஞ்சுக்காரன் வைச்ச பேர், நான் என்ன செய்யிறது?

— ஐயோ, ஆமால்ல! சின்னப் புள்ளையிலேருந்து இங்கதான் இருக்கேன், எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. உங்களுக்கு மட்டும் பாரீஸ்ல எங்க திரும்பினாலும் ஊருதான்.

— அந்தக் கரையாலை போனால் மோ. அங்கையிருந்து மார்ன் ஆத்தங்கரை. எப்பெர்னே, ஷலோன், வித்ரி. பேந்து இன்னொரு கால்வாய், அது நான்சி, சவேர்ன் எல்லாம் தாண்டி நேரை ஸ்திராஸ்பூர். ஸ்திராஸ்பூரிலை ரைன் ஆத்துக்கு மேலை ஒரு பாலம் கிடக்கு. காருக்கு இல்லை. நடக்கிற ஆக்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அங்காலை ஜேர்மனி.

— ஜேர்மனியில என்ன பாக்கப் போறோம்?

— ஒண்டும் இல்லை. அங்காலை போய், திரும்பி நிண்டு, பேந்து இஞ்சாலை வரவேணும். அவ்வளவுதான்.

— இதுக்கா இவ்ளோ தூரம்? பாலத்துல யூ-டர்ன் அடிக்கிறதுக்கு? நம்ம பின்னால வர்றவங்க என்ன சொல்வாங்க?

— பின்னாலை ஆர் வருகினம்? அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

— அதான் எனக்கும் கவலை. ஆள் தேடி இந்தக் கடைக் கண்ணாடியில நோட்டீஸ் ஒட்டினோம். சாரிக்கடை துஷாந்தி வர்றேன்னா. என்னோட மெரியில வேலை பாத்த ழான்-லூக் வர்றேன்னார். போன்கடை வரதராசா முதல் நாளே வந்து பேர் குடுத்தார். அஞ்சு பேர், ஜம்முனு இருந்திச்சு. இப்ப என்னடான்னா ஒவ்வொருத்தரா கழண்டுகிட்டாங்க.

— மனுசர் எண்டால் அப்பிடித்தான். துஷாந்திக்கு நாரி நோகுதாம், குனிய ஏலாதாம். ழான்-லூக்குக்கு முழங்கால். வரதராசாவுக்குக் கடையைப் பாக்க ஆளில்லை.

— எல்லாரும் உங்ககிட்டயே சொல்றாங்க. என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே?

— உங்களுக்குச் சொல்லப் பயமாக்கும். நீங்கள் முகத்தைப் பாத்தே முத்திரை குத்துற ஆள்.

— போங்க, போங்க. ஞாயித்துக்கிழமை அசோசியாசியோன் சவாரியில முதல் தடவை உங்களைப் பார்த்தப்பவே குத்தியிருக்கணும். சைக்கிள் பின்னால ரைஸ் குக்கரைக் கட்டிகிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்.

— மத்தியானம் அந்தச் சோத்தை ஆர் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டது?

— அது பசி. அதுக்கு மரியாதை குடுத்தேன். சரி, உண்மையச் சொல்லுங்க. காத்துக் கதை வேண்டாம். ஏன் கிழக்கு?

— காத்தும் உண்மைதானே.

— சிவமணி.

— நான் அந்தப் பாதையாலை வந்தனான்.

— எப்ப?

— முதன்முதல் பிரான்ஸுக்கு வரேக்கை. ஜேர்மனியிலை வைச்சு ஒரு லொறியிலை ஏத்தினவங்கள். தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னாலை நான், வேறை ஆக்களும். கதவைப் பூட்டினால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்டுதான். ஒரு பாலம் ஏறினது தெரிஞ்சுது, ரயர் சத்தம் மாறினபடியாலை. அதுதான் ரைன் எண்டு பேந்து ஆரோ சொன்னவை. ஓரிடத்திலை லொறி நிண்டுது. வெளியிலை தண்ணிச் சத்தம். வைக்கல் மாதிரி ஒரு மணம். ஒரு நாய் எங்களை மோப்பம் பிடிச்சுக் குலைக்குது, ஆரோ அதை ஏசுகினம். பேந்து திரும்ப ஓட்டம். கதவைத் திறக்கேக்கை பாரீஸ், பொர்த் து லா ஷப்பெல், மேம்பாலத்துக்குக் கீழை.

— அதுக்கப்புறம்?

— அதுக்குப் பிறகு என்ன, இஞ்சை குசினியள்தான். வெங்காயம் உரிச்சன், கோப்பை கழுவினன், இப்ப சமைக்கிறன். அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் போகேல்லை. நான் வந்த பாதை, ஆனா நான் பாக்கேல்லை. மரமோ வெளியோ, என்ன நிறமெண்டும் தெரியாது.

— இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் லுவார் பத்தி வாயே திறந்திருக்க மாட்டேனே.

— அதுக்குத்தான் சொல்லேல்லை. சொன்னால் ஐயோ பாவம் எண்டு வருவியள். பாவம் பாத்து வாற ஆள் சவேர்ன் மலையிலை பாதியிலை இறங்கிவிடும்.

— நான் இறங்கமாட்டேன். உங்களைத்தான் தள்ளிகிட்டு வரணும். ஒண்ணு சொல்லட்டுமா? நான் வந்தது ப்ளேன்ல. அப்பா கையில பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. எனக்கு ஜன்னலோர சீட்டு. ஜன்னல் எனக்குத்தான்னு அண்ணன்கிட்ட அழுது வாங்கினேன்.

— என்ன பாத்தனீங்கள்?

— ஒண்ணும் இல்ல. வழி பூரா தூங்கிட்டேன்.

— அப்ப எனக்கு லொறி, உங்களுக்கு நித்திரை. ரெண்டு பேரும் ஒண்டையும் பாக்கேல்லை.

— சரி, கிழக்கே போவோம். முடிஞ்சிபோச்சி. லுவாரை மடிச்சி வைக்கிறேன். ஆனா துணைக்கு ஆள் வேணுமே, அதுக்கு என்ன…

— வணக்கம் அண்ணை! அட, ஜெனவியேவ் அக்காவும் இருக்கிறியள்! கால் எப்பிடி அக்கா? கட்டுக் கழட்டியாச்சோ?

— வாங்க வரதராசா. எந்தக் கால்?

— முறிஞ்ச கால்தான். படியிலை விழுந்து முறிஞ்சுபோச்சு, பயணம் நிண்டுபோச்சு எண்டு அண்ணை சொன்னாரே. நான் உங்கட பேரிலை கோயிலிலை அர்ச்சனையும் செய்விச்சனான். நட்சத்திரம் தெரியாதெண்டு ஐயர் யோசிச்சவர். பேந்து, மாதா கோயிலுக்குப் போற வேதக்கார ஆக்களுக்குச் சுவாமி பேரிலை செய்யலாமெண்டு செய்தவர்.

— வரதராசா, உன்ரை கடை வாசலிலை ஆரோ நிக்கினம் போலை.

— கடையைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான் அண்ணை.

— பூட்டிட்டே வந்தீங்களா? கடையப் பாக்க ஆளில்லாமத்தான் பயணத்துக்கு வரலைன்னு கேள்விப்பட்டேனே.

— ஆர் சொன்னது? ஓகஸ்டிலை ஆர் அக்கா போன் வாங்கப்போகினம்? நான் சைக்கிளுக்குப் புதுச் சீற்றும் வாங்கிப் பூட்டி வைச்சிருந்தனான், ஜெல் வைச்சது. உங்கட கால் முறிஞ்ச கவலையிலை அதைக் கழட்டவும் மனம் வரேல்லை.

— மெர்சி வரதராசா. உங்க அர்ச்சனையில கால் ஒரே நாள்ல ஒட்டிக்கிச்சு. உக்காருங்க, டீ சாப்பிடுங்க.

— இல்லை அக்கா, ரெண்டு கொத்துரொட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு ஓடுறன். அண்ணையின்ரை முகம் ஒரு மாதிரிக் கிடக்கு.

— முசியே சிவமணி.

— முசியே எண்டு கூப்பிடாதேங்கோ. எனக்குப் பொலிஸ் செக்கிங் ஞாபகம் வரும்.

— வரட்டும். எந்தக் கால்? இடதா, வலதா?

— இடது.

— ஏன் இடது?

— நீங்கள் வலது காலாலைதான் முதல் உழக்கிறனீங்கள். அதை முறிக்க எனக்கு மனம் வரேல்லை.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். ழான்-லூக்குக்கு முழங்கால் வலின்னது?

— முழங்கால் நல்லாத்தான் கிடக்கு. வழி முழுக்க விரதம் எண்டு சொன்னனான். இறைச்சி, முட்டை, வைன் ஒண்டும் கிடையாது எண்டு.

— மோன் தியே! ஷம்பாய்ன் தயாரிக்கிற ஊருக்குள்ள புகுந்து, விரதம்!

— அந்தாளும் அதைத்தான் கேட்டது. எப்பெர்னேயிலையுமோ எண்டு. எப்பெர்னேயிலைதான் கடும் விரதம் எண்டன்.

— துஷாந்தி?

— கூடாரம் ஒண்டுதான், வரதராசா குறட்டை விடுவான் எண்டு சொன்னன்.

— விடுவாரா?

— எனக்கெப்பிடித் தெரியும்?

— ஏன் இப்படிச் செஞ்சீங்க? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. ஆள் தேடுவோம்னு நான் சொன்னப்ப, நோட்டீஸ்ல அழகா எழுதிக் குடுத்ததே நீங்கதானே.

— எழுதேக்கை நல்லாத்தான் இருந்தது. பேந்து ஒவ்வொருத்தரா வந்து பேர் குடுக்கக் குடுக்க, எனக்கு… சொல்லத் தெரியேல்லை. அஞ்சு பேர் போனால் நீங்கள் ழான்-லூக்கோடை பிரெஞ்சிலை கதைச்சுக்கொண்டு முன்னுக்குப் போவியள். நான் குக்கரோடை பின்னுக்கு வருவன். பின்னேரம் எல்லாருக்கும் சமைப்பன். எல்லாரும் நல்லாருக்கு எண்டுவினம். அந்தத் தண்ணிச் சத்தம் கேட்ட இடம் இதுதானோ எண்டு நான் நிண்டால், கூட நிக்க ஒருத்தரும் இருக்கமாட்டினம். எனக்கு அஞ்சு பேர் தேவையில்லை, ஜெனவியேவ்.

— எனக்கு என்ன தேவைன்னு கேட்டீங்களா?

— கேக்கேல்லை.

— என் காலை உடைக்கிறதுக்கு முன்னாடியாவது கேட்டிருக்கலாம். எங்க வீட்டை யோசிச்சீங்களா? என் வீட்டுக்காரர் தியரி போனதுலேருந்து எம்பொண்ணு ஆரெலி தினமும் போன் போட்டு அம்மா சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியான்னு கேக்கிறவ. அஞ்சு பேர், நல்ல குரூப்புன்னா அவ நிம்மதியா இருப்பா. ரெண்டே பேரு, அதுல ஒருத்தர் சிவமணின்னா என்ன கேப்பா? உங்க மகன் பிருந்தாபன்கிட்ட நீங்க என்ன சொல்லியிருக்கீங்க?

— அவனுக்கும் அஞ்சு பேர் எண்டுதான் சொன்னனான். வில்லியே லே பெல்லிலை, எங்கட கட்டடத்திலை ஒரு கதை வெளிக்கிட்டால் லிஃப்டுக்கு முன்னம் அது மேலை போயிடும்.

— பாத்தீங்களா. உங்களுக்கே பயம்.

— பயம்தான். நான் செய்தது பிழை. உங்களை அந்தரப்பட வைச்சிட்டன். இப்பவே மூண்டு பேருக்கும் போன் எடுத்து உண்மையைச் சொல்லுறன். அஞ்சு பேராவே போவம். குக்கரையும் கொண்டு வாறன், பின்னுக்கே வாறன். பரவாயில்லை.

— எடுங்க.

— முதல் ழான்-லூக். என்னெண்டு துவங்கிறது? விரதம் முடிஞ்சுதெண்டோ?

— எனக்கென்ன தெரியும்? விரதம் வச்சது நீங்க.

— அடிக்குது.

— ம்.

— எப்பெர்னேயிலை ரெண்டு நாள் நிப்பம் எண்டும் சொல்லுறன், மனுசன் சந்தோசப்படும்.

— சிவமணி.

— ஓம்?

— வையுங்க.

— எடுத்திட்டார் போலை, அலோ எண்டு கேக்குது…

— போனை வையுங்கன்னு சொல்றேன்.

— வைச்சிட்டன். ஏன்? என்னோடை கோவமோ? பயணமே வேண்டாமோ?

— ஆரெலிகிட்ட நான் அஞ்சு பேர்னு சொல்லவே இல்ல. நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், நானும் சிவமணியும் மட்டும் போறோம்னு.