பூரணம் அக்காவின் கைமணி

வெளிநாட்டுக்காரர்கள் கோயில் பழத்தைச் சாப்பிடப் பயப்படுவார்கள். வயிறு கெட்டுவிடும் என்று நினைப்பு. ஆனால் அர்ச்சனைத் தட்டு மட்டும் பெரியதாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கோணேசர் கோயிலில் ஆறு பேர் ஆறு தட்டு வாங்கினால் அன்னாசியும் வத்தகப்பழமும் வாழைச் சீப்புமாக ஜீப்பின் பின்பக்கம் நிறைந்துவிடும். அதை எறிய மனம் வராது. இது அங்கேதான் தொடங்கியது.

நீங்கள் கேட்டபடி வாக்குமூலத்தை ஒழுங்காகவே சொல்கிறேன். என் பெயர் துவாரகன். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குத் திருகோணமலையில் வழிகாட்டி. ஒரு பயணத்துக்கு ஆறு பேருக்கு மேல் அவர்கள் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை கோணேசர் கோயில், மதியம் வெல்கம் விகாரை, பின்னேரம் காட்டு யானை. கோயிலும் விகாரையும் இருந்த இடத்தில் இருக்கும். யானை அப்படி இல்லை. அவ்வளவு தூரம் வந்தவர்கள் வெறும் பற்றைக்காட்டைப் பார்த்துவிட்டுப் போனால் குறை என் பெயரில்தான் எழுதப்படும். அதற்கு முன் நான் சீனன்குடாவில் இரவு வேலை பார்த்துப் பாதியில் விட்டவன். அதற்குத் திரும்பிப் போக என்னால் முடியாது.

கப்பல்துறைக்குப் பின்னால், காட்டோரக் குளக்கட்டில் ஒரு பிள்ளையார் கல் இருக்கிறது. கூரை கிடையாது. அதன் பின்னால் பழங்களை வைத்துப் பார்த்தேன். நாலாம் தடவை ஒரு தனியன் யானை வந்தது. பின்னாலிருந்த பழத்தை எடுக்கக் கல்லின் முன் நின்று தலையைத் தாழ்த்தியது. யானை கும்பிடுகிறது என்று நான் சொன்னேன். ஒரு பெண் அழுதேவிட்டார். அடுத்த மாதம் நிறுவனத்தின் விளம்பரத்தில் 'வணங்கும் யானை' ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அது வராமல் இருக்கக்கூடாது.

அந்தக் கல்லுக்கு விளக்கு வைப்பவர் பூரணம் அக்கா. ஐந்தரைக்கு வருவார், விளக்கேற்றுவார், பித்தளைக் கைமணியை அடிப்பார், ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். ஒருநாள் என்னை மறித்தார்.

"தம்பி, ஆனைக்கு முழு அன்னாசி. எனக்கு ஒரு தேங்காய்ப் பாதியும் இல்லையோ?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காதேங்கோ. நான் திரும்பிப் போகேக்க அது பத்தைக்குள்ள நிக்குது. மூச்சு விடுறது கேக்குது. பழம் வைக்கிற நாளில போனில எனக்கொரு கோல் எடுங்கோ. அண்டைக்கு நான் வரமாட்டன்."

"ஓம் அக்கா."

சொன்னபடி மூன்று வெள்ளிக்கிழமை கோல் எடுத்தேன். மூன்று வெள்ளியும் யானை வரவில்லை. நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது, மிக மரியாதையாக. நான் இருந்து யோசித்தேன். பழம் அதே பழம், இடம் அதே இடம், ஜீப்பும் அதே ஜீப். இல்லாதது பூரணம் அக்காவின் மணி. மணி கேட்டால் பழம் இருக்கும் என்று யானை பழகியிருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

நாலாம் வெள்ளி கோல் எடுத்தேன். "அக்கா, இண்டைக்கு ஆக்கள் இல்லை. பழமும் வைக்கேல்லை. அவசரப்படாம ஆறுதலா வந்து விளக்கு வையுங்கோ."

"நல்லாயிருப்பாய் தம்பி. மூண்டு வெள்ளியும் பிள்ளையார் இருட்டுக்குள்ள இருந்திட்டார்."

பழங்களைக் கல்லின் பின்னால் வைத்துத் தேக்கிலையால் மூடினேன். கண்டால் பயந்துவிடுவார் அல்லவா.

ஐந்து நிமிடத்தில் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறுதலாக வரச்சொன்னவன் நான். அவர் விளக்குமாற்றோடு வந்தார். கூட்டினார். குளத்துத் தண்ணீர் அள்ளிக் கல்லைக் கழுவினார். மணியடித்த பிறகும் போகவில்லை, உட்கார்ந்து தேவாரம் பாடத் தொடங்கினார். யானை வரும்போது அவருக்கு ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் கல்.

நாங்கள் விருந்தினரோடு மருத மரங்களுக்குள் ஜீப்பில் இருந்தோம். சாரதி றிகாஸ், கிண்ணியாப் பொடியன், "மச்சான், ஹோன் அடிக்கட்டா?" என்றான்.

"வேணாம்."

"டேய், மனிசி நிக்கிது."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போட்டால் யானை மிரளும். எந்த வழிகாட்டியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அக்கா எழுந்து எங்கள் பக்கம் பார்த்தார். கமெராக் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியிருக்கும். "தம்பி" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. பதில் சொன்னால் அதுவும் சத்தம்தான். பின் கதிரையில் இருந்த முதியவர் அதையும் சடங்கு என்று நினைத்துக் கைகூப்பினார். பிறகு, கூப்பிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

யானை பழத்தை முழுவதும் தின்றுவிட்டுத்தான் போனது.

விருந்தினரை விடுதியில் இறக்கிவிட்டு, செய்தி கேட்டு வந்தவன் போலத் திரும்பிப் போனேன். அப்போது காட்டு யானை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். செத்த வீட்டில் அவருடைய மகள் சுலோஜனா என் கையைப் பிடித்து, "அம்மா உங்களை நல்ல பிள்ளை எண்டு சொல்லுறவ" என்றாள்.

றிகாஸ் அன்றோடு வேலையை விட்டான். உங்களிடம் அவன் சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி ஜீப்புக்குள் இருந்தபடி நானே மணியடித்தேன். யானை வந்தது. ஆள் தேவையே இல்லை, மணி போதும். முதலே இது தெரிந்திருந்தால் அக்காவைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆகவே, குற்றம் என்று ஏதாவது எழுதத்தான் வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: அணைந்த விளக்கின் பக்கத்தில் கிடந்த அந்தக் கைமணியை யாரிடமும் கேட்காமல் எடுத்தது நான்தான்.